சிவப்புப் புடவை அம்மாவும் அண்ணனின் திரையளவும்

அண்ணனின் இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு நான் ஓர் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் எடது பக்கம், அண்ணா."

விரல் நகர்ந்தது.

"இன்னும்."

டேப்லெட்டின் கண்ணாடி முடிந்தது. கறுப்பு ஓரம் முடிந்தது. ரப்பர் உறையும் முடிந்து, விரல் சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் விரிப்பில் வந்து நின்றது. விரிப்பில் திராட்சைக் குலை அச்சிட்டிருந்தார்கள். என் கணக்குப்படி, பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் சிவப்புப் புடவை அம்மா அந்தத் திராட்சைக் குலையின் மேல்தான் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

"இங்கயா நிக்கறாங்க?" என்றார் அண்ணன்.

 

நான் செய்யும் வேலை

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் அலுவலகத்து லிஃப்டைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "லிஃப்ட் சரி, நீங்கள் அந்த அலுவலகத்தில் என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் மாமியாரும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் பள்ளிக்கரணையில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடியிருப்பில் இருப்பவர்கள் நான் நாள் முழுக்க கேம் விளையாடுவதாக நினைக்கிறார்கள். கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் டிவி ரிமோட்டைக் கொண்டுவந்து, "ஸ்கிரீன் சம்பந்தப்பட்ட வேலைதானே?" என்று நீட்டினார்.

அவர் சொன்னது ஒரு வகையில் உண்மை. கேம் விளையாடும்போது திரையில் தெரியும் பொத்தான், பெட்டி, மதிப்பெண், "ஆரம்பி" என்ற எழுத்து, இதெல்லாம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கணினிக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. கேட்பதற்குச் சுலபம். ஆனால் விளையாடுகிறவர் கையில் இருப்பது என்ன திரை என்று நமக்குத் தெரியாது. ஒருவர் கையகல போனில் விளையாடுவார், இன்னொருவர் சுவர் அளவு டிவியில். ஆகவே எதையும் வைப்பதற்கு முன்னால், "உன் திரை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம்?" என்று அந்தக் கருவியையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு அந்த அளவில் பாதி, கால், பத்தில் ஒன்று என்று பங்கு பிரித்து வைக்க வேண்டும்.

இதை அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அரை நாள் வகுப்பு. நடுவில் டீ, பிஸ்கட். "அளவைக் கேக்காம எதையும் வைக்காதீங்க" என்று நான் அடிக்கடி சொல்வதால், என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'அளவு அக்கா' என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தெரியாத மாதிரி இருப்பேன்.

மானிட்டரும் ஏரியும்

செம்பாக்கத்தில் நாங்கள் வீடு பார்த்தபோது, தரகர் படுக்கையறை ஜன்னலைத் திறந்து, "ஏரி வியூ மேடம்" என்றார். மழைக்காலத்தில் நிஜமாகவே தண்ணீர் தெரியும். நாரை வரும். அந்த ஜன்னலுக்கு முன்னால் மேசையைப் போட்டு, ஒரு பெரிய மானிட்டரை வைத்து, ஏரியை முழுசாக மறைத்துவிட்டேன். மறைமலை நகரில் ஷிஃப்ட் முடிந்து வரும் என் கணவர், "ஏரி வத்திப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே போவார்.

நான் செய்யும் எல்லாமே அந்த மானிட்டரில் மிக அழகாக இருக்கும். பிரச்சினையே அதுதான்.

கண்ணாடிக் கடை

என் அண்ணன் பெயர் செல்வம். என்னைவிடப் பத்துப் பதினோரு வயது பெரியவர். கிழக்குத் தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைக்குள் நுழைந்தால் ஏசி காற்றும் லென்ஸ் துடைக்கும் திரவத்தின் வாசனையும் சேர்ந்து வரும். உள்ளறையில் எழுத்துப் பலகை. அதற்கு முன்னால் ஆளை உட்காரவைத்து, கனமான இரும்பு பிரேமை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, "இது தெரியுதா? இப்ப? இது நல்லாருக்கா, முன்னது நல்லாருந்ததா?" என்று கேட்பார். அவசரமே படமாட்டார். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ரயில் அறிவிப்பு கேட்கும்போதெல்லாம் கஸ்டமர்தான் பதறுவார்.

அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சும் போகவில்லை. இடது கை கொஞ்சம் வலுவிழந்தது. ஆனால் விநோதமாக ஒன்று நடந்தது. அவருக்கு உலகத்தின் இடது பாதி காணாமல் போய்விட்டது.

கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. மூளை இடது பக்கத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னார். தட்டில் தோசை வைத்தால் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு என்ன அரை தோசையா?" என்று கேட்பார். வசந்தி அண்ணி தட்டை அரைச் சுற்று திருப்பி வைப்பார். மீதி தோசை வந்துவிடும். ஷேவிங்கும் பாதி முகத்துக்குத்தான்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு யாரும் சிரிப்பதில்லை. "எனக்குத் தெரியலன்னா, இருக்குன்னு அர்த்தம்" என்று அவரே ஒருநாள் சொன்னார். மற்றவர்களுக்குக் கண் பார்த்த மனுஷன், தன் கண்ணை நம்புவதை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் ஷர்மிளாதான் தைரியம் சொல்வாள். "சார், கழுத்தைத் திருப்பி எடது பக்கம் தேடிப் பழகணும். பழகப் பழக வந்துடும். கடையில உக்காரலாம்."

அண்ணனுக்கு ஒரு கேம்

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். தேடிப் பழக வேண்டும் என்றால் அதற்கு ஒரு கேம் செய்து தரலாமே! இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

கேம் மிகச் சுலபம். ஒரு பஸ் ஸ்டாப். வலது ஓரத்தில் பஸ் வந்து நிற்கும். அங்கிருந்து இடது பக்கமாகப் பயணிகள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவரையும் இடது கை விரலால் தொட்டால் பஸ்ஸில் ஏறிக்கொள்வார்கள். எல்லோரும் ஏறினால்தான் பஸ் கிளம்பும். ஒருவரை விட்டாலும், "இன்னும் ஒருவர் பாக்கி" என்று மேலே எழுத்து வரும். இடது கோடியில் ஓர் அம்மா. அந்த அம்மாவைத் தேடிப் பிடிப்பதுதான் முழுப் பயிற்சியும். ஷர்மிளாவிடம் சொன்னேன். "சூப்பர்க்கா!" என்றாள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பஸ்தான் முக்கியம் என்பதால் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து, அதாவது வலது ஓரத்திலிருந்து, அளந்து நிறுத்தினேன். திரையைப் புள்ளிக் கணக்கில்தான் அளப்போம். முதல் ஆள் முந்நூறு புள்ளி தள்ளி, அடுத்தவர் அறுநூறு தள்ளி. அந்த அம்மா ஆயிரத்து ஐந்நூறு புள்ளி தள்ளி. திரையளவைக் கேட்டேனா? இல்லை. அண்ணன் ஒருவருக்குத்தானே, இதற்கெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். என் மானிட்டரில் அந்த அம்மா இடது ஓரத்தில், கொஞ்சம் இடம் விட்டு, லட்சணமாக நின்றார்.

அண்ணனின் டேப்லெட் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் புள்ளிதான் அகலம். அதில் ஆயிரத்து ஐந்நூறு தள்ளி நின்றால் எங்கே நிற்பார்? திரைக்கு வெளியே, இடது பக்கம். அதாவது, பார்க்க முடியாது என்று எல்லோரும் ஏற்கனவே தீர்மானித்து வைத்திருந்த அதே பக்கம்.

ஒரு வாரம்

அந்த வாரம் முழுக்க எனக்கு அலுவலகத்தில் வேலை நெருக்கடி. சேலையூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாமே போனில்தான்.

"எல்லாரும் ஏறிட்டாங்கம்மா. ஒருத்தர் பாக்கின்னு வருது."

"எடது கோடியில பாருங்க அண்ணா. பச்சைப் புடவை."

"இல்லையே."

"கழுத்தைத் திருப்பிப் பாருங்க."

"திருப்பிட்டேன். இல்ல."

பச்சை கண்ணில் படவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் புடவையைச் சிவப்பாக்கினேன். அப்புறம் அந்த அம்மாவைப் பெரிதாக்கினேன். கை ஆட்டவைத்தேன். கடைசியில், என் புத்திசாலித்தனத்தின் உச்சமாக, அவருக்குக் குரல் கொடுத்தேன். "கண்டக்டர், நில்லுங்க! நானும் வரேன்!" என்று நானே கத்திப் பதிவு செய்து சேர்த்தேன்.

அதன் பலன் என்னவென்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண்பிள்ளை என் அண்ணன் வீட்டு ஹாலில் கத்திக்கொண்டே இருந்தாள்.

"சத்தம் வருது," என்றார் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. "ஆளு இல்ல."

அண்ணியும் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்கும் யாரும் தெரியவில்லை. ஆனால் அண்ணிக்கு கேம் என்றாலே பயம். 'நமக்கு இதெல்லாம் புரியாது' என்று பேசாமல் போய்விட்டார். ஷர்மிளா வந்தபோது, "சத்தம் கேட்டும் பார்க்க மாட்டேங்கறார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஷர்மிளா முகம் மாறி, "டாக்டர்கிட்ட இன்னொரு தடவை காட்டிடலாம்மா" என்றிருக்கிறாள். ஆக, ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு மனைவி, ஒரு தங்கை, மூன்று பேரும் சேர்ந்து, இல்லாததை இல்லை என்று சொன்ன ஒரே மனிதரை நோயாளி என்று முடிவு கட்டினோம்.

சனிக்கிழமை அண்ணி போன் செய்தார்.

"கலா, உங்க அண்ணன் கடையைக் குடுத்துடலாம்னு சொல்றாரு. பக்கத்து பேக்கரிக்காரர் ரொம்ப நாளா எடம் கேட்டுட்டிருந்தாரு இல்ல, அவரை வரச் சொல்லுன்னாரு. நானும் சொல்லிட்டேன்."

"எதுக்கு அண்ணி திடீர்னு?"

"ஒரு பொம்மையைக் கண்டுபுடிக்கத் தெரியாதவன் யார் கண்ணை டெஸ்ட் பண்ணப் போறேன்னு கேக்கறாரு. நான் என்ன சொல்றது, சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் காலையிலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். அந்த அம்மாவை இன்னும் பெரிதாக்கி, தலையில் மினுக்கு விளக்கு வைப்பதுதான் என் திட்டம். மடியில் பை, முழங்காலில் யாரோ ஒருவரின் காய்கறிக் கூடை. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாக்கா, ஞாயித்துக்கெழமைகூட ஆபீஸா? பேஜாராகீதே," என்றார். "இல்லப்பா, எங்க அண்ணனுக்கு வைத்தியம் பண்ணப் போறேன்," என்றேன். அப்படியே சொன்னேன். இப்போது எழுதும்போதுகூட காது சுடுகிறது.

அண்ணன் மேசையில் உட்கார்ந்திருந்தார். முழு முகமும் ஷேவ் செய்யாமல் இருந்தது. பாதியாவது செய்துகொண்டிருந்தவர் அதையும் விட்டுவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கேமைத் திறந்து, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, விரலைப் பிடித்து இடது பக்கம் கூட்டிப்போனேன். விரல் போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே.

குனிந்து பார்த்தேன். டேப்லெட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தேன். "கண்டக்டர், நில்லுங்க!" என்று என் குரலே என்னைக் கூப்பிட்டது.

"அண்ணா," என்றேன். "அந்த அம்மா இல்ல."

"என்ன?"

"திரையிலேயே இல்ல. நான் உங்க டேப்லெட்டோட அளவைப் பார்க்காம, என் மானிட்டருக்கு ஏத்த மாதிரி வெச்சிட்டேன். அவங்க வெளியில நிக்கறாங்க."

அண்ணன் விரிப்பிலிருந்து விரலை எடுத்தார்.

"அப்ப நான் சொன்னது சரி."

"சரிதான் அண்ணா."

"ஒரு வாரமா நான் சொன்னது சரி."

"ஆமா."

"வசந்தி!" சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவ்வளவு பெரிய குரலை நான் கேட்டதில்லை. "இங்க வா! அந்த அம்மா இல்லவே இல்லையாம்!"

அண்ணி கரண்டியோடு ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும், "எனக்கும்தான் தெரியல. எனக்குத்தான் புரியலன்னு நெனச்சேன்," என்றார். அண்ணன் சிரித்தார். ஒரு பக்கம் கொஞ்சம் கோணிய வாயோடு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது.

"கடைக்கு வந்தவன் கடைசி வரி தெரியலன்னு சொன்னா, நான் முதல்ல போர்டு லைட் எரியுதான்னு பார்ப்பேன். நீ நேரா என் மண்டையில கை வெச்சிட்ட!"

 லேப்டாப்பைத் திறந்தேன்.

அளவு அக்கா அளவு கேட்கிறாள்

வகுப்பெடுப்பவள் அல்லவா, இரண்டே நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேமுக்குள், காட்சியைத் திரைக்குக் காட்டும் கண் மாதிரி, ஒரு கேமரா இருக்கும். அதனிடம் 'வியூபோர்ட் சைஸ்' என்று கேட்டால் அந்தத் திரையின் அகலத்தையும் உயரத்தையும் சொல்லும். அவசரத்தில் அந்தக் கேள்வியை எங்கேயோ தூரத்தில் இருக்கும் சர்வர் கணினியில் ஓடும் பகுதியில் எழுதிவிட்டேன். சர்வருக்கு ஏது திரை? அதனால் எனக்குப் பயன்படும் எதையும் சொல்ல முடியவில்லை. அண்ணனின் டேப்லெட்டில் ஓடும் பகுதிக்கு மாற்றினேன்.

இந்த முறை பதில் வந்தது. அகலம் ஒரு புள்ளி, உயரம் ஒரு புள்ளி.

அந்த அளவை நம்பி, என் கேம் எல்லாப் பயணிகளையும் மேல் மூலையில் ஒரே புள்ளியில் அடுக்கி நிறுத்தியது. "இது பீக் அவர் போலிருக்கு," என்றார் அண்ணன். கேம் கண் விழிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். திரை தயாராகும் வரை பொறுத்திருந்து கேட்க வேண்டும். பொறுத்திருந்து கேட்டேன். உண்மையான அளவு வந்தது. ஒவ்வொருவரையும் அகலத்தில் பங்கு போட்டு நிறுத்தினேன். அந்த அம்மாவுக்கு வலது ஓரத்திலிருந்து பத்தில் ஒன்பது பங்கு.

"இப்ப பாருங்க அண்ணா!"

அண்ணன் டேப்லெட்டை வாங்கி, கடையில் எழுத்து அட்டையைப் பிடிக்கிற பழக்கத்தில், செங்குத்தாகப் பிடித்தார். பார்த்தார்.

"இல்ல," என்றார்.

இந்த முறை நாங்கள் யாரும் அவர் கழுத்தைப் பிடித்துத் திருப்பவில்லை. நானும் அண்ணியும் ஒரே நேரத்தில் திரையைக் குனிந்து பார்த்தோம். இல்லைதான். வலது ஓரத்தில் பஸ் மட்டும் நின்றது. திரை நின்றவாக்கில் மாறியதும் அகலம் குறைந்துவிட்டது. நான் பழைய அளவையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கேட்டால் போதாது, அளவு மாறும்போதெல்லாம் கேட்டு, எல்லோரையும் மறுபடி நிறுத்த வேண்டும். என் வகுப்பில் டீ முடிந்து உட்கார்ந்ததும் நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்.

அதையும் எழுதி முடித்தபோது அண்ணி காபி வைத்துவிட்டுப் போனார். அண்ணன் டேப்லெட்டைப் படுக்கவைத்தார், நிமிர்த்தினார், மறுபடி படுக்கவைத்தார். பயணிகள் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் அவரவர் இடத்தில் நின்றார்கள். அண்ணன் கழுத்தை மெதுவாகத் திருப்பினார்.  சிவப்புப் புடவை அம்மாவைத் தொட்டார்.

பஸ் கிளம்பியது.

அடுத்த பஸ்

இரண்டாவது பஸ்ஸில் ஆட்கள் இடம் மாறி நிற்பார்கள். அண்ணன் விறுவிறுவென்று ஏற்றினார். மேலே எழுத்து வந்தது. இன்னும் ஒருவர் பாக்கி.

தேடினார். டேப்லெட்டைத் தள்ளிவைத்தார்.

"இல்ல. இதுவும் உன் வேலைதான். போய்ச் சரி பண்ணு."

குனிந்து பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு பெரியவர், குடையோடு, மங்காமல் தெளிவாக நின்றிருந்தார்.

'ஆமா அண்ணா, என் தப்புதான்' என்று சொல்லிவிட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அன்று நான் இருந்த நிலைமையில் யார் வேண்டுமானாலும் நம்பியிருப்பார்கள். ஆனால் அவர் என் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல அண்ணா. இந்தத் தடவை இருக்காரு."

"நல்லாப் பார்த்தியா?"

"குனிஞ்சு பார்த்தேன். இருக்காரு."

இன்னும் ஒரு கணம் என்னை அளந்தார். பிறகு கழுத்தைத் திருப்பினார். போதவில்லை. தோளையும் சேர்த்துத் திருப்பினார். நாற்காலி கிறீச்சிட்டது.

"அட," என்றார். "குடையோட நிக்கறாரு."

விரலை வைத்தார். பெரியவர் பஸ் ஏறினார்.

"இது உன் தப்பில்ல, கலா," என்றார் அண்ணன். "இது என்னுது." குற்றம் ஒப்புக்கொள்கிற குரல் இல்லை அது. கையெழுத்துப் போட்டு ஒரு பார்சலை வாங்கிக்கொள்கிறவர் குரல் மாதிரி இருந்தது.

அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"வசந்தி, அந்த பேக்கரிக்காரருக்கு ஒரு போன் போடு."

"எப்ப வரச் சொல்லட்டும்?"

"வர வேணாம்னு சொல்லு. கடையில ஆள் இருக்காங்கன்னு சொல்லு."

அண்ணி போனைத் தேடி உள்ளே போனார். அண்ணன் நாற்காலியை நேராக்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு ஆட்களை ஏற்ற ஆரம்பித்தார். இந்த முறை இடது ஓரத்திலிருந்து.